நம்தே என்பதற்கும் ஆம் என்பதற்கும் இடையில்

ஐ.பி.எல். பருவம் நெருங்கும் ஒவ்வொரு மார்ச் மாதத்திலும், கோலார் தங்கவயலின் தமிழ் வாய்களில் ஒரு கன்னடத் தொடர் புழங்கத் தொடங்கும்: ‘ஈ சலா கப் நம்தே.’ இந்த முறை கோப்பை நமதே என்பது பொருள். பெங்களூர் அணி 2009, 2011, 2016 ஆகிய மூன்று ஆண்டுகளில் இறுதிப் போட்டி வரை சென்று தோற்றது. 2025க்கு முந்தைய மற்ற ஆண்டுகளில் அவ்வளவு தூரமும் செல்லவில்லை. ஆயினும் தொடர் மாறவில்லை. இதனை வைத்துப் பிற அணிகளின் ரசிகர்கள் செய்த கேலிக்கு அளவில்லை. படித்தவர் வட்டங்களில் அந்தக் கேலி சற்று நாகரிகமான வடிவம் எடுக்கிறது: சான்றின்றி நம்புதல், கும்பல் மனநிலை, பகுத்தறிவின்மை.

இக்கேலியின் அடியில் ஒரு மொழியியல் முடிவு ஒளிந்திருக்கிறது. பருவத்துக்கு முன் ரசிகர் கூறுவதெல்லாம் எதிர்காலம் பற்றிய அறிவிப்பு. ஆகவே அது மெய் அல்லது பொய் என்று மதிப்பிடத்தக்கது என்பதே அம்முடிவு. தொடரை ஒருமுறை கவனித்துக் கேட்டாலே அது தகர்ந்துவிடும்.

‘ஈ சலா கப் நம்தே’ என்பதில் வினைச்சொல்லே இல்லை. வெல்வோம், கிடைக்கும், வரும் என எதுவும் இல்லை. தமிழில் ‘அவர் ஆசிரியர்’ என்பது போல இது ஒரு பெயர்ப்பயனிலைத் தொடர். வினை இல்லாததால் காலமும் இல்லை. எதிர்காலத்தைப் பற்றிய புகழ்பெற்ற ஊகமாகக் கருதப்படும் தொடரில் எதிர்கால இடைநிலைக்கு இடமே வைக்கப்படவில்லை. அந்த இடத்தில் இருப்பது ஓர் ஏகாரம். ‘நம்து’ என்பது நம்முடையது. அதன்மேல் ஏறிய ஏகாரம் தமிழ் இலக்கணிகள் தேற்றம் என்றும் பிரிநிலை என்றும் பிரித்துக் காட்டும் இரு பொருளையும் ஒருங்கே தாங்குகிறது. உறுதியாக நமது, நமது மட்டும், பிறரது அன்று.

உறுதி எப்போது எதிர்காலத்தைத் தாண்டிப் பேசலாம் என்பதை நன்னூல் காலவழுவமைதியில் வகுத்திருக்கிறது. விரைவு, மிகுதி, தெளிவு, இயல்பு ஆகியவை காரணமாக ஒரு காலத்தை வேறொரு காலத்தால் கூறலாம். தெளிவுக்கு உரைகாரர்கள் தரும் எடுத்துக்காட்டு அழகானது: எறும்புகள் முட்டைகளைத் தூக்கிக்கொண்டு மேட்டில் ஏறுவதைக் கண்டவர், மழை இன்னும் வராதபோதே அது பெய்துவிட்டதாக இறந்தகாலத்தில் சொல்லலாம். அறிகுறி அவ்வளவு உறுதியானது. கிரிக்கெட் ரசிகரும் எறும்பைத் தேடாமல் இல்லை. 2025இல் நடந்தது ஐ.பி.எல்.லின் பதினெட்டாவது பருவம். விராட் கோலியின் சட்டை எண்ணும் 18. இறுதிப் போட்டி நடந்த 3-6-2025 என்ற தேதியின் இலக்கங்களைக் கூட்டினாலும் 18 வரும் என்று கணக்கிட்டுக் காட்டியவர்களும் உண்டு. இந்த எறும்புகள் மழைக்கு அறிகுறி ஆகா என்பது கூட்டிப் பார்த்தவருக்கும் தெரியும். தெரிந்தே கூட்டினார்கள். அந்தத் தெரிதல்தான் கேலி செய்வோர் கண்ணில் படுவதில்லை.

பொய்க்கக்கூடிய ஊகங்களும் ரசிகரிடம் ஏராளம். அவற்றுக்கு மொழி வேறு வடிவம் வைத்திருக்கிறது. 2024 நவம்பரில் ஜெட்டாவில் நடந்த பெரிய ஏலத்துக்கு முன், கே.எல். ராகுல் பெங்களூர் அணிக்குத் திரும்புவார் என்ற பேச்சு பரவியிருந்தது. டெல்லி அணி அவரை 14 கோடி ரூபாய்க்கு எடுத்தது. அணித்தலைமை மீண்டும் கோலிக்கே வரும் என்றார்கள். 2025 பிப்ரவரியில் ரஜத் பட்டிதார் அறிவிக்கப்பட்டார். ஏலத்தின் முதல் நாள் முடிவில் அணியைத் திட்டித் தீர்த்தவர்களில் பெங்களூர் ரசிகர்களும் உண்டு. அந்த ஏலத்தில் மிக உயர்ந்த விலையான 27 கோடிக்கு ரிஷப் பந்த்தை வாங்கிய லக்னோ, பட்டியலில் ஏழாம் இடத்தில் முடிந்தது. திட்டு வாங்கிய அணி கோப்பையை வென்றது. ‘வருவார்’, ‘எடுப்பார்கள்’, ‘வரும்’ என எதிர்கால வினைமுற்றோடு வந்த ஊகங்கள் வரிசையாகப் பொய்த்தன. வினை இல்லாத தொடர் பொய்க்கவும் இல்லை. மெய்த்தது என்று சொல்வதும் முழுப் பொருத்தமாக இல்லை.

இந்த நோய் நமக்கு மட்டும் உரியதன்று. அமெரிக்கக் கல்லூரிக் கால்பந்தில், ஓர் ஆட்டம்கூட நடக்கும் முன்பே செய்தியாளர்கள் வாக்களித்து அணிகளை வரிசைப்படுத்தும் வழக்கம் 1950 முதல் உள்ளது. 2012இல் அப்படி முதலிடம் பெற்ற தென் கலிஃபோர்னியப் பல்கலைக்கழகம் ஏழு வெற்றி, ஆறு தோல்வியோடு வரிசைக்கு வெளியே முடிந்தது. வல்லுநர் என்று பெயர் பெற்றவர்களின் எதிர்கால வினைமுற்றும் அவ்வளவுதான். சென்னை ரசிகரின் நிலை இன்னும் சுவையானது. தமிழின் ‘செய்யும்’ என்னும் முற்று எதிர்காலத்தையும் குறிக்கும், வழக்கத்தையும் குறிக்கும். ஐந்து முறை கோப்பை வென்ற அணியைப் பற்றி ‘சென்னை ஜெயிக்கும்’ என்று கூறும்போது, சூரியன் கிழக்கில் உதிக்கும் என்பதன் சாயல் தானாக வந்து ஒட்டிக்கொள்கிறது. 2025இல் சென்னை முதன்முறையாகக் கடைசி இடத்தில் முடிந்ததும் அந்தச் சாயல் உதிர்ந்து, வெறும் எதிர்காலம் மட்டும் எஞ்சியது.

கோப்பை கைக்கு வந்தபோது ‘நம்தே’ என்ன ஆயிற்று? 2024 மார்ச்சில் பெங்களூர் மகளிர் அணி கோப்பை வென்றவுடன் அணித்தலைவர் ஸ்மிருதி மந்தானா, ரசிகர்கள் சொல்லிவந்த தொடரைத் திருத்தினார்: இனி ‘நம்து’. மராத்தி, இந்தி பேசும் ஒருவர் கன்னட ஏகாரத்தை இவ்வளவு துல்லியமாக நீக்கினார். 2025 ஜூன் 3ஆம் நாள் அகமதாபாதில் பஞ்சாப் அணியை ஆறு ஓட்ட வித்தியாசத்தில் ஆடவர் அணி வென்றபோதும் அதே திருத்தம் ஒலித்தது. கோப்பை உண்மையாகவே நம்முடையதானதும் தேற்றம் தேவைப்படவில்லை. ஆக, ஏகாரம் இத்தனை ஆண்டுகள் சுமந்தது அறிவின் உறுதியை அன்று. இன்னும் கைக்கு வராத ஒன்றோடு தன்னைப் பிணைத்துக்கொள்ளும் உறுதியை. அது சூளுரைக்கு நெருக்கமான வகை. வஞ்சினம் கூறிப் போருக்குச் சென்றவன் தோற்றால் அவனைப் பொய்யன் என்று யாரும் சொல்வதில்லை.

தங்கவயலில் இதற்கு இன்னொரு மடிப்பு உண்டு. தமிழில் தன்மைப் பன்மை இரண்டு: கேட்பவரையும் சேர்க்கும் நாம், கேட்பவரை விலக்கும் நாங்கள். இன்றைய கன்னடத்தில் இந்தப் பிரிவு இல்லை. ‘நம்’ என்பது இரண்டையும் குறிக்கும். எனவே கன்னடம் மட்டும் அறிந்த ஒருவர் ‘நம்தே’ என்னும்போது எதிரில் இருப்பவர் உள்ளே இருக்கிறாரா வெளியே இருக்கிறாரா என்பதை அச்சொல் சொல்வதில்லை. அதே சொல் தமிழ்ச் செவியில் விழும்போது கதவு திறந்தே விழுகிறது: உன்னையும் சேர்த்து நமது. வட ஆர்க்காட்டிலிருந்தும் தருமபுரி, சேலம் பகுதிகளிலிருந்தும் சுரங்க வேலைக்கு வந்து, நான்கைந்து தலைமுறையாகக் கர்நாடக மண்ணில் வாழ்ந்தும், ‘நீங்கள் எந்த ஊர்?’ என்ற கேள்வியிலிருந்து முழுதாக விடுபடாத மக்களின் செவி அது. சென்னை–பெங்களூர் ஆட்டத்தன்று தங்கவயலில் இரு பக்கமும் ஆள் இருப்பார்கள். ஒரே வீட்டுக்குள்ளும் இருப்பார்கள். அதை மொழிப்பற்றுத் தேர்வாகப் பார்ப்பவர்கள் பிழையான இடத்தில் அளவுகோலை வைக்கிறார்கள். மாரிக்குப்பத்திலிருந்து விடியுமுன் கிளம்பும் ரயிலில் பெங்களூருக்கு வேலைக்குச் சென்று இரவில் திரும்பும் இளைஞருக்கு, அந்த நகரம் எளிதில் ‘நம்’ என்று சொல்ல இடம் தரும் சில இடங்களில் இந்தத் தொடரும் ஒன்று.

இதனால் ரசிகரின் ஊகம் முழுக்கக் களங்கமற்றது என்று முடிவுகட்டிவிட முடியாது. ஊகிக்கும் இன்பத்துக்கு விலைச்சீட்டு ஒட்டிய செயலிகள் பல ஆண்டுகள் கொழுத்தன. அவற்றுள் ஒன்றின் பெயரே 2020இல் ஐ.பி.எல். தொடரின் பெயருக்கு முன்னொட்டாக நின்றது. பணம் வைத்து ஆடும் இணைய விளையாட்டுகளை நாடாளுமன்றம் 2025 ஆகஸ்டில்தான் தடை செய்தது. ஆனால் அச்செயலிகள் விற்றது ‘வருவார்’, ‘அடிப்பார்’ என்ற வினைமுற்று ஊகங்களை. ‘நம்தே’ மீது பந்தயம் கட்ட முடியாது. தோல்வி நாளிலும் அது திரும்பப் பெறப்படுவதில்லையே.

2025 ஜூன் 4ஆம் நாள் சின்னசாமி மைதானத்தின் வாயிலில் நெரிசலில் 11 பேர் இறந்தனர். அப்போதும் ‘ரசிகர் வெறி’ என்ற விளக்கம் உடனே எடுத்து நீட்டப்பட்டது. ஆண்டுக்கணக்கில் ‘நமதே’ என்று சொன்னவர்கள், நமதானதைப் பார்க்க வருவார்கள் என்று ஊகிக்க எந்த வல்லுநரும் தேவையில்லை. எறும்புகள் முட்டையோடு ஏறியது அன்றைய காலையில் ஊருக்கே தெரிந்தது. ஊகிக்க வேண்டிய பொறுப்பு ரசிகருக்கு உரியதாக இருக்கவில்லை.

ஊகத்தின் உண்மையான அவலம் வேறொரு விகுதியில் இருக்கிறது. பெங்களூரின் தமிழ்க் குடியிருப்புகள் கிரிக்கெட்டுக்கு முன்பே கால்பந்தில் வாழ்ந்தவை. 1948 லண்டன் ஒலிம்பிக்கில் பிரான்சுக்கு எதிராக இந்தியாவின் ஒரே கோலை அடித்த சாரங்கபாணி ராமன் இந்த மைதானங்களின் பிள்ளை. கர்நாடகம் 2023 மார்ச்சில் சந்தோஷ் கோப்பையை 54 ஆண்டுகளுக்குப் பின் வென்றது. ஆனால் 2025 ஜூலையில், ஐ.எஸ்.எல். தொடர் நிறுத்தி வைக்கப்பட்டதாக அறிவிப்பு வந்தது. சம்மேளனத்துக்கும் வணிகப் பங்காளிக்கும் இடையிலான உரிம ஒப்பந்தம் முடிவாகவில்லை. அந்தப் பருவத்துக்கு முன் கால்பந்து ரசிகர் எந்தக் கோப்பையையும் நமதே என்று சொல்லவில்லை. ‘நடக்குமாம்’, ‘நடக்காதாம்’, ‘கோர்ட்டுக்குப் போயிருக்கிறதாம்’ என்றே பேசினார். தேற்ற ஏகாரம் போய், பிறர் சொல்லக் கேட்டதைக் குறிக்கும் ‘ஆம்’ வந்து அமர்ந்தது. கன்னடத்தில் அதன் இடத்தில் ‘அந்தெ’ நிற்கும். பேசுபவர் பொறுப்பேற்க முடியாத செய்திக்கு இரு மொழியும் வைத்திருக்கும் வால் இது. முடிவு எடுப்பவர்கள் தேதி சொல்லாதபோது மக்களுக்கு மிஞ்சுவது இந்த வால்தான்.

தங்கவயல் இந்த விகுதியில் 25 ஆண்டுகளாக வாழ்கிறது. 1880இல் ஜான் டெய்லர் கம்பெனி தொடங்கி, மூன்று கிலோமீட்டருக்கும் கீழே ஆழ்ந்து, பின் அரசு நிறுவனமாகிய சுரங்கம் 2001 பிப்ரவரி இறுதியில் மூடப்பட்டது. அன்று முதல் ‘திறக்கப் போகிறார்களாம்’. 2013இல் உச்ச நீதிமன்றம் உலகளாவிய ஒப்பந்தப்புள்ளிக்கு வழிவிட்டபோது திறக்கப் போகிறார்களாம். ஒவ்வொரு தேர்தலின்போதும் திறக்கப் போகிறார்களாம். 2024 ஜூனில் 13 கழிவுமண் மேடுகளை ஏலம் விடும் ஒன்றிய அரசின் திட்டத்துக்குக் கர்நாடக அமைச்சரவை இசைந்தபோது, சயனைடு மலையில் மீண்டும் தங்கம் எடுக்கப் போகிறார்களாம். இத்தொடரில் எழுவாய் யார் என்பது விகுதிக்குள் மறைந்திருக்கிறது: ‘ஆர்கள்’. நாம் அதில் இல்லை. சொல்பவருக்கு அதில் தேற்றமும் இல்லை. கிரிக்கெட் ஊகம் பருவ முடிவில் ஓட்டப் பலகையால் தீர்க்கப்பட்டுவிடும். தோற்றவர் இரண்டு நாள் சுருண்டு கிடந்து அடுத்த பருவத்துக்கு எழுந்துவிடுவார். சுரங்க ஊகத்துக்கு ஓட்டப் பலகை கிடையாது. அது தோற்றுவிட்டது என்று யாரும் அறிவிக்காததால் லைன் வீடுகளில் காத்திருப்பவர் எழவும் முடிவதில்லை.

‘ஈ சலா கப் நம்தே’ என்று கூவும் பையனிடம் பகுத்தறிவு இல்லை என்று எழுதுபவர்கள், அவனுடைய தாத்தாவை ‘ஆம்’ விகுதியில் கால் நூற்றாண்டு நிறுத்தி வைத்தவர்களிடம் அதே கடுமையைக் காட்டுவதில்லை. சாம்பியன் ரீஃபில் அந்தப் பையன் சொல்லும் தொடருக்கு ஒரு போட்டி அட்டவணை இருக்கிறது. மேடுகளை ஏலம் விடுவோர், எந்த ஆண்டு, எந்த மேடு, எத்தனை பேருக்கு வேலை, அவர்களுள் தங்கவயல்காரர் எத்தனை பேர் என்று ஒரு தாளில் எழுதி நகராட்சி வாயிலில் ஒட்டட்டும். ‘இல்லை, திறக்க மாட்டோம்’ என்று எழுதி ஒட்டினாலும் சரி.