பூங்கா பிழைத்தது, பால்மரம் சீவியவர்களுக்கு வீடு எப்போது?

கோலாலம்பூர், தாமான் துன் டாக்டர் இஸ்மாயில் வட்டாரத்தில் உள்ள தாமான் ரிம்பா கியாரா பூங்கா காப்பாற்றப்பட்டுவிட்டது. அந்தப் பூங்கா நிலத்தில் அடுக்குமாடிகள் எழுப்புவதற்குக் கோலாலம்பூர் டத்தோ பண்டார் வழங்கியிருந்த மேம்பாட்டு அனுமதி செல்லாது என்பதைக் கூட்டரசு நீதிமன்றம் 2023 ஏப்ரல் 18-ஆம் தேதி உறுதிப்படுத்தியது. காலையில் நடக்க வருகிறவர்களுக்கும், சைக்கிள் ஓட்டும் இளைஞர்களுக்கும், மரம் நட்டுப் பராமரித்து வந்த தன்னார்வலர்களுக்கும் இது பெரிய வெற்றி. ஏறக்குறைய ஆறு ஆண்டுகள் நீதிமன்றப் படிகளில் ஏறி இறங்கிய பிறகு கிடைத்த வெற்றி.

அந்தப் பூங்காவை ஒட்டியே நீண்ட வீடுகள் இருக்கின்றன. ஊரார் ‘ரூமா பாஞ்சாங்’ என்று சொல்லும் அந்தக் குடியிருப்பில் சுமார் நூறு குடும்பங்கள் 1982 முதல் வசித்து வருகின்றன. பெரும்பாலும் இந்தியக் குடும்பங்கள். முன்பு புக்கிட் கியாரா தோட்டத்தில் பால்மரம் சீவியவர்களும் அவர்களின் பிள்ளைகளும் பேரப்பிள்ளைகளும்தான் அவர்கள். தீர்ப்பு வந்த அன்று அவர்களின் நிலைமை முந்திய நாள் எப்படி இருந்ததோ அப்படியேதான் இருந்தது. ரத்தான திட்டத்தில்தான் அவர்களுக்கான நிரந்தர வீடும் இருந்தது என்பதால், ஒரு படி பின்னால் போனது என்றுகூடச் சொல்லலாம்.

புக்கிட் கியாரா இன்று பணக்கார வட்டாரம். கோல்ஃப் திடல், குதிரையேற்ற மன்றம், அரசு ஊழியர் பயிற்சிக் கழகம், தேசிய அறிவியல் மையம் என்று அந்தக் குன்றைச் சுற்றி எல்லாம் வந்துவிட்டன. ஆனால் அது முன்பு ரப்பர் தோட்டம். பொதுப் பயன்பாட்டுக்கென்று அரசு அதை எடுத்துக்கொண்டபோது தோட்டம் மூடப்பட்டது, லயம் போனது. தொழிலாளர்கள் தற்காலிகமாக நீண்ட வீடுகளில் குடியமர்த்தப்பட்டனர். நிரந்தர வீடு பிறகு வரும் என்பது அப்போது தரப்பட்ட வாக்குறுதி. ‘தற்காலிகம்’ என்ற சொல்லுக்கு 41 ஆண்டு என்று பொருள் உண்டு என்பதை அவர்கள் அனுபவத்தில் தெரிந்துகொண்டார்கள். அன்று கைக்குழந்தையாக வந்தவருக்கு இன்று நாற்பது வயதைத் தாண்டிவிட்டது.

தோட்டத்தில் வளர்ந்த எவருக்கும் இது புதிய கதை அல்ல. தோட்ட வீடு வேலையோடு கட்டுண்டது. வேலை இருக்கும்வரை கூரை இருக்கும். தோட்டம் கைமாறினாலோ, மேம்பாட்டுக்குப் போனாலோ வேலையும் வீடும் ஒரே நாளில் போகும். தலைநகரைச் சுற்றியிருந்த தோட்டங்கள் ஒவ்வொன்றாக வீடமைப்புப் பகுதிகளாக மாறியபோது நடந்தது அதுதான். புக்கிட் ஜாலில் தோட்டத்தின் 41 குடும்பங்கள் நான்கு ஏக்கர் நிலத்துக்காக எத்தனை ஆண்டுகள் போராடினார்கள் என்பது பலருக்கும் நினைவிருக்கும்.

2017 ஜூலை 13-ஆம் தேதி மாநகர் மன்றம் அனுமதித்த திட்டம், 25 ஏக்கர் பரப்பளவுள்ள பூங்காவில் 12 ஏக்கரைச் சார்ந்தது. 42 முதல் 54 மாடிகள் வரை உயரும் எட்டு கோபுரங்களில் 1,766 சர்வீஸ் அடுக்குமாடி வீடுகள். அவற்றோடு 29 மாடியில் 350 மலிவு விலை வீடுகள். நீண்ட வீட்டுக் குடும்பங்களுக்கான வீடுகள் இந்தக் கடைசிக் கட்டடத்தில்தான். நிலம் கூட்டரசுப் பிரதேச அறவாரியத்தின் பெயரில் இருந்தது. தனியார் மேம்பாட்டு நிறுவனம் ஒன்று அதனோடு கூட்டுச் சேர்ந்து கட்டுவதாக ஏற்பாடு. ஓர் ஏக்கருக்கு 979 பேர் என்ற அளவில் மக்கள் அடர்த்தி உயர்ந்திருக்கும். பூங்காவாக இருந்த இடத்தில் ஏக்கருக்கு ஏறக்குறைய ஆயிரம் பேர் என்றால், அக்கம்பக்கத்துச் சாலைகளின் கதி என்ன என்று கேட்கத் திட்டமிடல் நிபுணராக இருக்கத் தேவையில்லை.

இந்த ஏற்பாட்டில் ஒரு கணக்கு இருந்தது. நூறு குடும்பங்களுக்கு வீடு கட்ட 54 மாடி உயரக் கோபுரங்கள் எதற்கு என்று கேட்டால், வீடு கட்டும் செலவை அந்தக் கோபுரங்களின் விற்பனை ஈடுகட்டும் என்பதே பதில். அதாவது, அரசு கொடுத்த வாக்குறுதியை நிறைவேற்றும் பொறுப்பு மேம்பாட்டாளரின் லாபத்தோடு முடிச்சுப் போடப்பட்டது. அதற்கு விலையாகப் பொதுமக்களின் பூங்கா வைக்கப்பட்டது. இந்த முடிச்சுதான் இரண்டு எளிய தரப்புகளை எதிரெதிரே நிறுத்தியது. பூங்கா வேண்டும் என்றவர்கள் ஏழைகளின் வீட்டுக்குக் குறுக்கே நிற்கும் வசதி படைத்தவர்கள் ஆனார்கள். வீடு வேண்டும் என்றவர்கள் காட்டை அழிக்கத் துணை போகிறவர்கள் ஆனார்கள்.

இரண்டுமே முழு உண்மை இல்லை. பூங்காவைக் காக்கப் போராடிய குடியிருப்பாளர்கள், நீண்ட வீடுகள் இப்போது இருக்கும் இடத்திலேயே அந்தக் குடும்பங்களுக்கு நிரந்தர வீடு கட்டித் தரலாம் என்று தொடக்கத்திலிருந்தே சொல்லி வந்தார்கள். பூங்காவைத் தொடத் தேவையில்லை என்பது அவர்கள் வாதம். ஆனால் நீண்ட வீட்டில் மழை ஒழுகும் கூரையின் கீழ் இருப்பவரின் இடத்திலிருந்தும் பார்க்க வேண்டும். ஒரு பக்கம் கையெழுத்தான ஒப்பந்தம், மறுபக்கம் நல்லவர்கள் சொல்லும் யோசனை. யோசனைக்கு யார் பணம் போடுவார்கள், எந்த ஆண்டு கட்டுவார்கள் என்பதற்கு எவரிடமும் பதில் இல்லை. அவர்கள் ஒப்பந்தத்தைப் பிடித்துக்கொண்டதைக் குறை சொல்ல யாருக்கும் தகுதி இல்லை.

சட்டப் போராட்டத்தின் போக்கைச் சுருக்கமாகச் சொல்லலாம். 2017 ஆகஸ்டில் குடியிருப்பாளர்கள் நீதிமன்றச் சீராய்வு கோரினர். 2018 நவம்பரில் உயர்நீதிமன்றம் மனுவைத் தள்ளுபடி செய்தது. 2021 ஜனவரி 27-இல் மேல்முறையீட்டு நீதிமன்றம் அதை மாற்றி, மேம்பாட்டு அனுமதியை ரத்து செய்தது. டத்தோ பண்டார் நிலத்தை வைத்திருக்கும் அறவாரியத்திலும் பொறுப்பில் இருந்ததால் நலன் முரண்பாடு உண்டு என்பதையும் அது சுட்டிக்காட்டியது. இப்போது கூட்டரசு நீதிமன்றம் அந்த ரத்தை நிலைநிறுத்தியுள்ளது.

தீர்ப்பை வழங்கிய அமர்வுக்குத் தலைமை தாங்கியவர் நீதிபதி நளினி பத்மநாதன். நம்மவர் ஒருவரின் முக்கியமான தீர்ப்பு என்று பெருமைப்பட்டவர்கள் உண்டு. வீட்டுக்காகக் காத்திருப்பவர்களும் நம்மவர்கள்தான் என்பதையும் சேர்த்தே நினைக்க வேண்டியிருக்கிறது.

தீர்ப்பின் சாரம் பூங்காவைத் தாண்டியது. கோலாலம்பூர் கட்டமைப்புத் திட்டம் என்று ஒன்று உண்டு. 2004-இல் அரசிதழில் வெளியான அந்தத் திட்டத்தில் தாமான் ரிம்பா கியாரா, நகரப் பூங்கா என்று குறிக்கப்பட்டிருந்தது. அது வெறும் வழிகாட்டிதான், வேண்டும்போது விலகிக்கொள்ளலாம் என்பது மாநகர் மன்றத்தின் நிலைப்பாடு. இல்லை, அது சட்டப்படி கட்டுப்படுத்தும் ஆவணம் என்றது கூட்டரசு நீதிமன்றம். அதிலிருந்து விலகினால் ஏன் விலகினோம் என்று காரணம் காட்ட வேண்டும். அக்கம்பக்கத்து நில உரிமையாளர்களின் ஆட்சேபத்தைக் கேட்பதும் வெறும் சடங்காக இருக்கக் கூடாது. 1970-ஆம் ஆண்டுத் திட்டமிடல் விதிகளில் உள்ள 7-ஆவது விதி பல காலமாக ஏட்டில் இருந்தது. இப்போது அதற்குப் பல் முளைத்திருக்கிறது.

இது வசதியான வட்டாரத்து மக்களுக்கு மட்டுமான செய்தி என்று நாம் ஒதுங்கினால் நஷ்டம் நமக்குத்தான். செந்தூல், பிரிக்ஃபீல்ட்ஸ், ஜின்ஜாங், செராஸ் என்று மலிவு விலை அடுக்குமாடிகளில் வாழும் நம் குடும்பங்கள் எத்தனை! பிள்ளைகள் பந்து விளையாடும் திடல் ஒரு நாள் காலையில் தகர வேலி போட்டு மறைக்கப்படுவதைப் பார்க்காதவர் குறைவு. வேலி விழுந்த பிறகு மகஜர் கொடுப்பது நம் வழக்கம். ஆனால் அந்தத் திடல் திட்ட வரைபடத்தில் எந்த நிறத்தில் இருக்கிறது என்று முன்கூட்டியே பார்ப்பது நம் வழக்கத்தில் இல்லை. கோலாலம்பூர் உள்ளூர்த் திட்டம் 2040-இன் வரைவு 2024-இன் தொடக்கத்தில் பொதுமக்கள் பார்வைக்கு வைக்கப்பட்டது. ஆலய நிர்வாகங்களும் தமிழ்ப்பள்ளிப் பெற்றோர் ஆசிரியர் சங்கங்களும் குடியிருப்பாளர் சங்கங்களும் போய்ப் பார்க்க வேண்டிய வரைபடம் அது. ஆலயம் நிற்கும் நிலம் அதில் சாலை என்றோ வணிகம் என்றோ குறிக்கப்பட்டிருந்தால், ஆட்சேபம் சொல்ல வேண்டிய காலம் அதுதான். புல்டோசர் வரும்போது இல்லை.

இந்த வழக்கை 2021-இல் நடந்த இன்னொரு போராட்டத்தோடு ஒப்பிடலாம். சிலாங்கூர், கோல லங்காட் உத்தாரா காப்புக்காட்டில் 536 ஹெக்டருக்கும் மேலான நிலம் அந்தத் தகுதியிலிருந்து நீக்கப்பட்டது. எதிர்ப்பு வலுத்ததும், செப்டம்பரில் மாநில அரசு அந்த முடிவைக் கைவிட்டது. அந்தக் காட்டைச் சுற்றி வாழும் தெமுவான் பூர்வகுடியினரும் இயற்கை ஆர்வலர்களும் அங்கே ஒரே குரலில் பேசினார்கள். காட்டில் வாழ்வாதாரம் உள்ளவரும் காட்டை நேசிக்கிறவரும் ஒரே பக்கம் நின்றதால் சில மாதங்களில் முடிவு வந்தது. கியாராவில் இரு தரப்பும் பிரிந்து நின்றதால் ஆறு ஆண்டுகள் ஆயின.

புக்கிட் கியாராவின் காட்டுப் பாதைகளில் நடப்பவர்கள், மற்ற மரங்களுக்கு நடுவே பழைய பால்மரங்கள் இன்னும் நிற்பதைப் பார்க்கலாம். அந்தக் குன்றைப் பசுமையாகவே வைத்திருக்க வேண்டும் என்று ‘புக்கிட் கியாரா நண்பர்கள்’ போன்ற குழுக்கள் பல ஆண்டுகளாக உழைத்து வருகின்றன. நடைபயணிகளுக்கு நிழல் தரும் அந்த மரங்களை அறிந்தவர்கள் நீண்ட வீட்டில் இருக்கிறார்கள். விடியுமுன் விளக்கைத் தலையில் கட்டிக்கொண்டு நிரை பிடித்தவர்கள் அவர்கள். காட்டைக் காக்கும் குழுக்களின் அடுத்த மரம் நடும் நாளுக்கு அவர்களையும் அழைப்பது, அறிக்கைகள் விடுவதைவிடப் பயனுள்ள தொடக்கமாக இருக்கும். வீட்டுக் கோரிக்கையையும் அந்தக் குழுக்கள் தங்கள் கோரிக்கையாகவே எடுத்துக்கொண்டால் இன்னும் நல்லது. வென்ற பக்கத்துக்கு இப்போது அந்தக் கடமை கூடுதலாக உண்டு.

தீர்ப்பு மேம்பாட்டு அனுமதியைத்தான் ரத்து செய்திருக்கிறது. நில உரிமை யாருக்கு என்பதை அது தீர்க்கவில்லை. பூங்கா முழுவதையும் பொதுத் திறந்தவெளியாக அரசிதழில் வெளியிட்டால்தான் அது நிரந்தரமாகப் பாதுகாக்கப்படும். அந்த நடவடிக்கையும் நீண்ட வீட்டுக் குடும்பங்களுக்கான வீடும் இப்போது கூட்டரசு அரசாங்கத்தின் கையிலும் மாநகர் மன்றத்தின் கையிலும் இருக்கின்றன. வாக்குறுதி கொடுத்தது அரசு. நூறு வீடுகளை இப்போதுள்ள இடத்தில் கட்ட 54 மாடிக் கோபுரம் எதுவும் தேவையில்லை. நிதி ஒதுக்கீடும் தேதியும் தேவை. 1982-இல் லயத்தை விட்டுப் பெட்டி படுக்கையோடு வந்து, நிரந்தர வீடு வரும் என்று நம்பியவர்களில் இன்னும் உயிரோடு இருப்பவர்களுக்கு அந்தத் தேதியை யார் சொல்வார்கள்?