படகுக்கு ஒரு நம்பர்... பென் டிரைவுக்கு ரெண்டு!

ராமேஸ்வரம் விசைப்படகுகளைக் கவனிச்சிருக்கீங்களா பாஸ்? ‘ஐஎன்டி-டிஎன்-10-எம்எம்’னு ஆரம்பிச்சு, கடைசியில ஒரு நம்பர். 10ன்னா ராமநாதபுரம் மாவட்டம். கடைசி நம்பர் எந்தப் படகுன்னு சொல்லும்.

லினக்ஸும் இப்படித்தான்! ஒவ்வொரு டிவைஸுக்கும் மேஜர், மைனர்னு ரெண்டு எண். சாட்டா ஹார்ட் டிஸ்க், பென் டிரைவுக்கெல்லாம் மேஜர் 8. மைனர் 0ன்னா முதல் டிஸ்க் ‘எஸ்டிஏ’, 16ன்னா அடுத்தது ‘எஸ்டிபி’. நடுவுல இருக்கிற 15ம் பார்ட்டிஷன்களுக்கு.

ஆனா, எந்தக் கரையில கட்டினாலும் படகு நம்பர் மாறாது. பென் டிரைவ் நம்பரோ செருகுற வரிசையைப் பொறுத்து மாறும். நேத்து ‘எஸ்டிபி’, இன்னிக்கு ‘எஸ்டிசி’! பழைய பேரை நம்பி ஃபார்மட் அடிச்சா, ஃபைனல் இயர் ப்ராஜெக்ட் அம்பேல். அதனால முதல்ல ‘எல்எஸ்பிஎல்கே’ கமாண்டைத் தட்டி, சைஸைப் பார்த்துட்டு அப்புறம் கை வைங்க!