தொலைந்துபோன லிப் ஃபைல்

பழைய அலுவலக நண்பர் போன வாரம் போன் செய்தார். "சார், எடை மெஷின் நல்லா ஓடுது. புரோகிராமை மட்டும் புதுசா எழுதணும். டி.எல்.எல். இருக்கு, லிப் ஃபைலைக் காணோம். வித்த கம்பெனியும் மூடிட்டான். புது மெஷினே வாங்கிடலாம்னு மேனேஜர் சொல்றார்."

கூடவே கூடாது என்றேன்.

லிங்கர் கேட்கும் அந்த இம்போர்ட் லைப்ரரியில் வேலை செய்யும் கோடு எதுவும் கிடையாது. இந்த ஃபங்ஷன் இந்த டி.எல்.எல்.லில் இருக்கிறது என்று காட்டும் கைகாட்டிப் பலகை, அவ்வளவுதான். (லினக்ஸில் இந்தத் தொல்லையே இல்லை.) பெயர்களெல்லாம் டி.எல்.எல்.லின் எக்ஸ்போர்ட் டேபிளிலேயே இருக்கின்றன. மிங்-டபிள்யூ 64 திட்டத்தின் ஜென்டெஃப் அதைப் படித்து ஒரு டெஃப் ஃபைல் எழுதித் தரும். நோட்பேடில் திறந்து பார்க்கலாம். அதை டிஎல்எல்டூலிடம் கொடுத்தால் லைப்ரரி தயார். இரண்டும் இலவசம். இதற்காக ஒரு மெஷினைக் காயலான் கடைக்கு அனுப்புவதா?

நண்பருடையது 32 பிட் டி.எல்.எல். எனவே கம்பைலரும் 32 பிட்டாக இருக்க வேண்டும். அதில் ஒரு வழக்கமான சிக்கல்: லிங்கர் தேடும் பெயருக்கு @8 என்று ஒரு வால் இருக்கும், டி.எல்.எல்.லில் வெறும் பெயர்தான் இருக்கும். டெஃப் ஃபைலில் வாலோடு எழுதி, டிஎல்எல்டூலுக்கு 'கில்-அட்' ஆப்ஷன் கொடுத்தால் சரியாகிவிடும். மறுநாளே லிங்க் ஆகிவிட்டது.

ஆனால் ஓட்டியதும் திரையில் கன்னாபின்னாவென்று எண்கள். ஏனென்றால் ஹெடர் ஃபைலும் இல்லை. ஆர்கியுமென்ட்களை நண்பர் ஊகித்து எழுதியிருந்தார். வால் சொல்வது மொத்தம் எத்தனை பைட் என்பதை மட்டுமே. 8 பைட் என்றால் இரண்டு இன்ட்டா, ஒரு டபுளா? எந்த டூலாலும் இதை உறுதியாகச் சொல்ல முடியாது. லிப் ஃபைல் தொலைந்தால் நான் கவலைப்பட மாட்டேன். ஹெடரையும் மேனுவலையும் கேட்டு வாங்காமல் பில்லுக்குப் பணம் கொடுத்தார்களே, அவர்கள் மேல்தான் எனக்குக் கோபம். (அந்தப் பில்லில் நானும் கையெழுத்துப் போட்டிருப்பேன். யார் கண்டது!)

ஸ்டோர் ரூமைக் குடையச் சொன்னேன். மேனுவல் கிடைத்தது, பாதி செல்லரித்து. முதல் ஆர்கியுமென்ட் சேனல் எண். இரண்டாவது, எடையை எழுத வேண்டிய இடத்துக்குப் பாயின்டர். நண்பர் டபுள் என்று எழுதியிருந்தார். திருத்தியதும் எடை சரியாக வந்தது. மேனுவலை ஸ்கேன் செய்து எனக்கும் ஒரு பிரதி அனுப்பச் சொல்லியிருக்கிறேன்.