கட்டற்ற இசை மென்பொருளுக்கும் விலை கேட்கலாம்

ஒரு கணினி, ஒரு மைக், ஒரு ஹெட்போன் இருந்தால் இன்று வீட்டிலிருந்தே ஒரு பாடலைப் பதிவுசெய்து வெளியிட்டுவிடலாம். இதைச் சாத்தியமாக்கிய மென்பொருள்களில் கணிசமானவை திறந்த மூல மென்பொருள்கள். ஒலிப்பதிவுக்கு ஆர்டோர், ஒலித்தொகுப்புக்கு ஆடாசிட்டி, தாளத்துக்கு ஹைட்ரஜன், செயற்கை ஒலிகளுக்கு சர்ஜ், வைட்டல் என்று பட்டியல் நீள்கிறது. இவற்றைச் சுற்றியுள்ள, ஒலிப்பதிவு மென்பொருளுக்குள் இணைந்து இயங்கும் சின்னச்சின்ன செருகுநிரல்களில் பல, பகலில் வேறு வேலை பார்த்துவிட்டு இரவில் நிரல் எழுதுபவர்களின் உழைப்பு. இப்படி ஆர்வத்தால் எழுதும் ஒருவர் அதற்குக் காசு கேட்கலாமா? கேட்டால் அது கொள்கைத் துரோகம் என்று நினைப்பவர்கள் இருக்கிறார்கள். கேட்பதில் தவறே இல்லை. ஒருவரோ இருவரோ மட்டும் சுமக்கும் மென்பொருள் என்றால் கேட்பதுதான் நல்லது என்பது என் கருத்து. ஆனால் ஒரு நிபந்தனை உண்டு. மூல நிரல் எல்லோருக்கும் திறந்தே இருக்க வேண்டும். இறக்கியவுடன் நிறுவிப் பயன்படுத்தக்கூடிய தயார் வடிவத்துக்குத்தான் விலை வைக்க வேண்டும்.

கொள்கையிலிருந்தே தொடங்கலாம். கட்டற்ற மென்பொருள் இயக்கத்தைத் தொடங்கிய ரிச்சர்ட் ஸ்டால்மன், 1985-இல் தான் எழுதிய ஈமேக்ஸ் மென்பொருளை நாடாவில் பதிந்து, 150 டாலர் அனுப்பியவர்களுக்குத் தபாலில் அனுப்பினார். அவர் உருவாக்கிய ஜிபிஎல் உரிமம் விற்பனையைத் தடுக்கவில்லை. கட்டற்ற மென்பொருளை விற்கலாம் என்று அவருடைய அறக்கட்டளையே வெளிப்படையாகச் சொல்கிறது. மென்பொருளைப் பெறுபவருக்கு மூல நிரலும் கிடைக்க வேண்டும், அதைப் படிக்கவும் திருத்தவும் பிறருக்குக் கொடுக்கவும் அவருக்கு உரிமை இருக்க வேண்டும் என்பதே உரிமத்தின் கோரிக்கை. விலை வைப்பவர் இந்த உரிமைகளில் கை வைக்காதவரை, அவர்மீது துரோகப் பட்டம் சுமத்த இடமில்லை.

அடுத்து, விலை எதற்கு என்பதைப் பார்க்க வேண்டும். இசை மென்பொருள் காலத்தோடு போட்டியிடுவது. நொடிக்கு 48,000 மாதிரிகள் என்ற கணக்கில் ஒலி ஓடும்போது, 128 மாதிரிகள் கொண்ட ஒரு துண்டை 2.67 மில்லிநொடிக்குள் கணித்து முடித்தாக வேண்டும். தாமதித்தால் பாட்டின் நடுவே 'டக்' என்று ஒரு சத்தம் கேட்கும். அந்தப் பதிவு வீண். ஒரே செருகுநிரல் விண்டோஸ், மேக், லினக்ஸ் மூன்றிலும் ஓட வேண்டும். விஎஸ்டி3, ஏயு, எல்வி2, கிளாப் என்று வெவ்வேறு வடிவங்களில் கட்டமைக்கப்பட வேண்டும். ஒவ்வொரு ஒலிப்பதிவு மென்பொருளும் செருகுநிரலை ஒவ்வொரு விதமாக நடத்தும். 2020-இல் ஆப்பிள் தன் கணினிகளை இன்டெல்லிலிருந்து சொந்தச் சில்லுகளுக்கு மாற்றத் தொடங்கியபோது, மேக்குக்கான செருகுநிரல்களைப் புதிய சில்லுக்காக மறுபடி கட்டிச் சோதிக்க வேண்டியிருந்தது. மேக் பயனர் எச்சரிக்கை எதுவும் வராமல் நிறுவ வேண்டுமென்றால், உருவாக்குபவர் ஆண்டுக்கு 99 டாலர் ஆப்பிளுக்குக் கட்ட வேண்டும். புதிதாக ஒரு எதிரொலியை வடிவமைப்பதில் இன்பம் இருக்கிறது. மற்றவர்களின் கணினிகளில் அது உடையாமல் ஆண்டுக்கணக்கில் பார்த்துக்கொள்வது வெறும் உழைப்பு. அந்த உழைப்போடு கைக்காசும் சேர்ந்து செலவாகிறது. மிருதங்கத்துக்குத் தோல் மாற்றிச் சுருதி சேர்த்துத் தருபவருக்குக் கூலி கொடுக்க நாம் யோசிப்பதில்லை. மென்பொருளைப் பழுதின்றி வைத்திருப்பவருக்கு மட்டும் ஏன் யோசிக்க வேண்டும்?

நன்கொடை கேட்கலாமே என்பார்கள். நன்கொடையின் எல்லை எது என்பதை 2014-இல் உலகமே பார்த்தது. இணையத்தின் பெரும்பகுதிக்குப் பாதுகாப்பு தந்துவந்த ஓபன்எஸ்எஸ்எல் நிரலில் 'ஹார்ட்பிளீட்' என்ற பெரிய ஓட்டை வெளிப்பட்டபோது, அத்திட்டத்துக்கு ஆண்டுக்கு வந்த நன்கொடை சுமார் 2,000 டாலர்தான் என்பதும் தெரியவந்தது. வங்கிகளும் பெருநிறுவனங்களும் சார்ந்திருந்த நிரலுக்கே அந்த நிலை என்றால், பாடகரின் குரலுக்குக் கொஞ்சம் எதிரொலி சேர்க்கும் ஒரு செருகுநிரலுக்கு யார் நன்கொடை தரப்போகிறார்கள்? மக்கள் கஞ்சர்கள் என்பதல்ல காரணம். பயன் கிடைக்கும் நேரமும் பணம் கேட்கப்படும் நேரமும் பிரிந்து கிடக்கின்றன. பதிவிறக்கும் வாசலிலேயே ஒரு தொகையைக் கேட்டால் இரண்டும் சேர்ந்துவிடும். பால் டேவிஸ் தொடங்கிய ஆர்டோர் இதைத்தான் செய்கிறது. அதன் மூல நிரல் இலவசம். தயார் வடிவம் வேண்டுபவர்கள் 1 டாலரில் தொடங்கித் தங்களால் முடிந்ததைக் கட்டுகிறார்கள். இருபது ஆண்டுகளுக்கு மேலாக அந்த மென்பொருள் உயிரோடு இருப்பதிலும், அது முழுநேரப் பணியாக நடப்பதிலும் இந்த ஏற்பாட்டுக்குப் பெரும் பங்கு உண்டு.

எதிர்வாதங்களில் வலுவானது ஏழை மாணவரைப் பற்றியது. காசு இல்லாதவரும் இசை செய்ய வேண்டும் என்பதற்காகத்தானே இந்த மென்பொருள்கள் பிறந்தன? நியாயமான கேள்வி. ஒரு டாலர் பெரிய தொகை அல்ல என்றாலும், வெளிநாட்டுக்குப் பணம் கட்டக்கூடிய அட்டை இல்லாத மாணவருக்கு அதுவும் தடைதான். ஆகவே விலை வைப்பவர் இலவச வழி ஒன்றையும் திறந்து வைக்க வேண்டும். அது முடியாத காரியம் அல்ல. ஆர்டோரை லினக்ஸ் வழங்கல்கள் கட்டணமின்றியே தருகின்றன. மேட் டைட்டெல் எழுதிய வைட்டல் சிந்தசைசரின் இலவசப் பதிப்பிலேயே முழு ஒலி இயந்திரமும் இருக்கிறது. காசு கொடுப்பவருக்குக் கூடுதலாக ஆயத்த ஒலிகள் கிடைக்கின்றன. கட்ட முடிந்தவர் கட்டுவதால்தான் கட்ட முடியாதவருக்கும் அந்த மென்பொருள் தொடர்ந்து கிடைக்கிறது. உருவாக்கியவர் களைத்துப்போய்க் கைவிட்டால் முதலில் நஷ்டப்படுபவரும் அந்த ஏழை மாணவர்தான். வசதியுள்ளவர் வேறொன்றை வாங்கிக்கொள்வார்.

இரண்டாவது எதிர்வாதம், பலர் சேர்ந்து எழுதியதற்கு ஒருவர் காசு வாங்குவது நியாயமா என்பது. பிழை கண்டு சொன்னவர், இடைமுகத்தை மொழிபெயர்த்தவர், கையேடு எழுதியவர் எல்லோரும் சும்மா உழைத்தவர்கள். எனவே விலை வைக்கும் முடிவை முன்கூட்டியே அறிவிப்பதும், வரவுசெலவை வெளியிடுவதும், தொடர்ந்து உழைப்பவர்களோடு பகிர்வதும் கடமை. அதை மீறுபவரைத் தட்டிக்கேட்கும் ஆற்றலைத் திறந்த உரிமமே கொடுக்கிறது. விசிவி ரேக் என்ற திறந்த மூல சிந்தசைசர் மென்பொருள் 2021-இல் தன் கட்டணப் பதிப்பை வெளியிட்டது. பிற ஒலிப்பதிவு மென்பொருள்களுக்குள் செருகுநிரலாக ஓடும் வசதி அந்தப் பதிப்பில்தான் கிடைத்தது. அதே திறந்த நிரலை அடிப்படையாகக் கொண்டு, செருகுநிரலாக ஓடும் கார்டினல் என்ற இலவச மென்பொருளை வேறு சிலர் உருவாக்கினார்கள். இரண்டும் இன்று அருகருகே இருக்கின்றன. நிரல் திறந்திருக்கும் இடத்தில் யாரும் அநியாய விலை வைத்து நீண்ட நாள் நிலைக்க முடியாது. எல்லோரும் விலை வைத்தே தீர வேண்டும் என்பதும் இல்லை. வணிகப் பொருளாக இருந்த சர்ஜ் சிந்தசைசரை அதை எழுதியவர் 2018-இல் திறந்துவிட்டார். இன்று தன்னார்வலர் குழு ஒன்று அதை இலவசமாகவே சிறப்பாக வளர்க்கிறது. சுமையைப் பகிரப் பல கைகள் இருக்கும் இடத்தில் விலை தேவைப்படாது. அந்தக் கைகள் எல்லா மென்பொருளுக்கும் வாய்ப்பதில்லை.

பணம் வந்தால் பொழுதுபோக்கின் மகிழ்ச்சி போய்விடும், வாங்கியவர்கள் அதிகாரம் செய்வார்கள் என்பது மூன்றாவது அச்சம். இலவசமாகப் பெறுபவர்களும் அதிகாரம் செய்யத்தான் செய்கிறார்கள். விலைச்சீட்டு இருக்கும்போது எது வாக்குறுதி, எது இல்லை என்பதைத் தெளிவாக எழுதிவைக்கலாம். தவிரவும், விலையே இல்லாத இடத்தில் பணத்தின் தேவை மறைந்துவிடுவதில்லை; வேறு வழியில் தலைகாட்டுகிறது. ஆடாசிட்டி 2021-இல் மியூஸ் குழுமத்தின் கைக்குப் போன சில நாட்களிலேயே, பயன்பாட்டுத் தரவுகளைச் சேகரிக்கும் திட்டம் முன்வைக்கப்பட்டது. பயனர்கள் கொதித்தெழுந்த பிறகு அது திருத்தப்பட்டது. பயனர் நேரடியாகக் கொடுக்கும் சிறு தொகை, உருவாக்குபவரைப் பயனருக்கே பதில் சொல்ல வைக்கிறது. வேறு எந்த வருமானமும் அந்தப் பிணைப்பைத் தருவதில்லை.

எனவே, இரவில் உட்கார்ந்து நிரல் எழுதும் நிரலாளர் தயங்க வேண்டியதில்லை. நிரலைத் திறந்து வையுங்கள், குறைந்த விலையைச் சொல்லுங்கள், இயலாதவருக்கு ஒரு வழி விடுங்கள், கணக்கைக் காட்டுங்கள். பயன்படுத்தும் இசைக்கலைஞர்களுக்கும் கடமை உண்டு. ஒரு மென்பொருளை வைத்துச் செய்த இசையால் உங்களுக்கு ஒரு ரூபாயாவது வந்திருந்தால், அதை உருவாக்கியவர் கேட்கும் தொகையைக் கொடுத்துவிடுங்கள். சுதந்திரம் என்பது யாரோ ஒருவர் கூலியில்லாமல் உழைத்தால்தான் நிலைக்கும் என்றால், அது அதிக காலம் நிலைக்காது.