டிசைன் யாருக்குச் சொந்தம்?



இந்த மாத இதழுக்கு "என் கருத்து" பகுதியில் எழுத ஆள் வேணும்னு தமிழ் ஐயா கேட்டார். நான் கை தூக்கினேன். மரம் வளர்ப்போம், மழைநீர் சேமிப்போம் எல்லாம் ஏற்கனவே எழுதியாச்சு. அதனால் நான் வளையலைப் பற்றி எழுதுகிறேன். வளையலில் என்ன பெரிய கருத்து இருக்கு என்று பசங்க சிரிக்க வேண்டாம். ஒரு வளையலால் நானும் என் நெருங்கிய தோழியும் இருபத்து மூன்று நாளாகப் பேசவில்லை. பேர் எழுத மாட்டேன். அவளுக்குத் தெரியும்.

நடந்தது இதுதான். நம்ம ஸ்கூல் கைவினைக் கண்காட்சிக்கு நான் பட்டு நூல் வளையல் செய்தேன். செய்முறை உங்களில் பாதிப் பேருக்குத் தெரிந்திருக்கும். பழைய பிளாஸ்டிக் வளையல் எடுத்துக்கணும். பட்டு நூலை இருபது இழை சேர்த்துக்கணும். வளையலின் உள்பக்கம் பசை தொட்டு, இடைவெளி தெரியாமல் நெருக்கி நெருக்கிச் சுற்றணும். நூல் புரண்டுவிட்டால் பிரித்து மறுபடி சுற்றணும். நான் மயில்கழுத்துக் கலரில் சுற்றி, நடுவில் மூன்று இடத்தில் அரக்குப் பட்டை போட்டேன். ஒவ்வொரு பட்டை மேலேயும் ஒரு வெள்ளை முத்து. அது அம்மாவின் அறுந்துபோன முத்துமாலையில் இருந்து எடுத்தது. நாலு நாள் ஆச்சு. உலகத்திலேயே இந்த வளையல் என்கிட்ட மட்டும்தான் இருக்கு என்று நினைத்தேன்.

கண்காட்சிக்கு முதல் நாள் என் தோழியும் ஒரு வளையல் போட்டுக்கொண்டு வந்தாள். நீலத்தில் அரக்குப் பட்டை. மேலே வெள்ளையாக மூன்று. எனக்கு அப்படியே பத்திக்கிட்டு வந்தது. எல்லார் முன்னாடியும் "என் டிசைனை காப்பி அடிச்சிட்டல்ல?" என்று கேட்டுவிட்டேன். அவள் ஒண்ணும் சொல்லவில்லை. வளையலைக் கழற்றிப் பையில் போட்டுக்கொண்டாள். அன்று மதியம் சாப்பாட்டுக்கு வேற இடத்தில் போய் உட்கார்ந்துவிட்டாள்.

வீட்டில் போய் எங்க அப்பத்தாவிடம் சொன்னேன். அப்பத்தா ஒயர் கூடை பின்னுவாங்க. அப்பவும் பின்னிக்கொண்டுதான் இருந்தாங்க. என் பக்கம் பேசுவாங்கன்னு நினைத்தேன். அவங்க, "நீ யார்ட்ட கத்துக்கிட்ட?" என்று கேட்டாங்க. "அத்தை போன்ல யூடியூப் பார்த்து" என்றேன். "அந்தப் பொம்பள யாருகிட்ட கத்துக்கிச்சோ. இந்தா, இது சிவன் கண் முடிச்சு. இதை நானா கண்டுபிடிச்சேன்? எதுத்த வீட்டுக்காரி சொல்லிக் குடுத்தா. அவளுக்கு அவ நாத்தனா சொல்லிக் குடுத்தா. நான் ஊர்ல பாதிப் பேருக்குச் சொல்லிக் குடுத்திருக்கேன். காப்பி அடிச்சிட்டாகன்னு ஒவ்வொருத்தி வீட்டு வாசல்லயும் போய் நிக்கவா?" என்று கேட்டாங்க.

எனக்குப் பதில் வரவில்லை. ஆனால் ஒரு விஷயம் ஞாபகம் வந்தது. அப்பத்தா பஸ்ஸில் போகும்போது யாரோ மடியில் வைத்திருக்கிற கூடையைப் பார்த்து, "அது நான் போட்ட கூடை" என்று சொல்லிவிடுவாங்க. சிவன் கண் கூடை ஊரெல்லாம் இருக்கு. எப்படித் தெரியும் என்று கேட்டால், "கைப்பிடி இறக்குற இடத்துல நான் ஒரு முடிச்சு கூடப் போடுவேன். இழுவையும் என் இழுவை" என்பாங்க. முடிச்சு எல்லோருக்கும் பொது. இழுவை அப்பத்தாவுடையது. இதுதான் நான் இந்தக் கட்டுரையில் சொல்ல வரும் கருத்து. டிசைன் யாருக்கும் தனியாகச் சொந்தம் இல்லை. கை மட்டும்தான் சொந்தம்.

"அப்படின்னா பரீட்சையில் காப்பி அடிக்கலாமா?" என்று சில பேர் கேட்பீங்க. நானும் என்னையே கேட்டுப் பார்த்தேன். இரண்டும் வேற வேற. பரீட்சையில் பார்த்து எழுதினால் விடை தாளுக்குப் போகும், நம்ம மண்டைக்கு வராது. கைவேலையில் பார்த்துச் செய்யும்போதுதான் வேலையே கைக்கு வரும். நாம எல்லாரும் ஒன்றாம் வகுப்பில் இரட்டைக் கோடு நோட்டில் ஒரே "அ"வைத் திரும்பத் திரும்ப எழுதிக் கற்றவர்கள்தானே. ஆனால் இந்த சுவரிதழில் பேரை மறைத்துவிட்டால்கூட யார் எழுத்து என்று நீங்க சொல்லிவிடுவீங்க. என் "ழ" வாலை நீட்டிக்கொண்டு போகும் என்று எல்லா டீச்சரும் திட்டுவாங்க. ஒரே எழுத்தைப் பார்த்து எழுதியும் கையெழுத்து எப்படி வேற வேற ஆச்சு? வளையலும் அப்படித்தான்.

கீழடிக்குச் சுற்றுலா போனோமே, ஞாபகம் இருக்கா? அங்கே 2014-15-ல் அகழாய்வு ஆரம்பித்தது. 2023-ல் அருங்காட்சியகம் திறந்தார்கள். 2019-ல் வந்த அரசு தொல்லியல் துறை அறிக்கைப்படி, அந்த இடம் கி.மு. 6-ஆம் நூற்றாண்டு வரை பழமையானது. நாம கண்ணாடிப் பெட்டிக்குள் சுடுமண் மணி, கண்ணாடி மணி, சங்கு வளையல் எல்லாம் பார்த்தோம். அப்போது நான் "நம்ம பேன்ஸி ஸ்டோர்ல இருக்கிற மாதிரியே இருக்குடி" என்று அவள் காதில் சொன்னேன். இப்போது யோசித்தால் ஆச்சரியமாக இருக்கு. மண்ணை உருட்டி, ஓட்டை போட்டு, காய வைத்துச் சுடுவதை யாரோ முதலில் செய்திருக்கணும். அவங்க பேர் நமக்குத் தெரியாது. அதைப் பார்த்து அடுத்தவங்க செய்யாமல் இருந்திருந்தால் அந்த வேலை அவங்களோடு போயிருக்கும். இன்றைக்குச் சுடுமண் ஜிமிக்கியும் இருக்காது.

அங்கே பானை ஓடுகளில் தமிழி எழுத்தில் ஆதன், குவிரன் என்று பேர் கீறி இருக்கு. கருப்பு சிவப்புப் பானை எல்லாம் பார்க்க ஒரே மாதிரிதான். ஆனால் அந்த எழுத்துகள் ஒரே ஆள் எழுதின மாதிரி இல்லை, வேற வேற கை. பானை பொது, கீறல் அவரவருடையது. அப்பத்தா சொன்ன அதே கதைதான்.

இன்னொன்று. புவிசார் குறியீடு என்று பொது அறிவில் படித்திருப்போம். நம்ம சிவகங்கை மாவட்டத்திலேயே செட்டிநாட்டுக் கொட்டானுக்கு 2013-லும், மானாமதுரை மண்பாண்டத்துக்கு 2023-லும் கிடைத்தது. நீலகிரியில் தோடர் இனப் பெண்கள் போடும் பூ வேலைக்கும் 2013-ல் கிடைத்தது. அவங்க துணியில் படம் வரைந்து தைப்பதில்லை. துணியின் இழையை எண்ணி எண்ணி, சிவப்பும் கருப்புமாகத் தைப்பாங்க. அம்மா தைப்பதைப் பார்த்து மகள் தைப்பாள். இந்தக் குறியீட்டை ஒரு தனி ஆளுக்குக் கொடுப்பதில்லை. அந்த ஊரில், அந்த முறையில் செய்கிற எல்லோருக்கும் சேர்த்துத்தான். சட்டமே பொதுச் சொத்து என்று சொல்லும்போது, யூடியூப் பார்த்துச் செய்த வளையலுக்கு நான் பட்டா கேட்டது தப்புதான்.

அதற்காக எதை வேண்டுமானாலும் எடுத்துக்கலாம் என்று நான் சொல்லவில்லை. மூன்று விஷயம் தப்பு என்பது என் கருத்து.

ஒன்று, இன்னொருத்தர் செய்து முடித்ததை "நான் செய்தேன்" என்று சொல்வது. கடையில் வாங்கிவந்து கண்காட்சியில் வைத்தவர்களும் இதில் அடக்கம். (யார் என்று எழுதவில்லை. பயப்படாதீங்க.)

இரண்டு, மெஷினில் அடித்துவிட்டு, இன்ன ஊர்க் கைவேலை என்று சொல்லி விற்பது. கண் நோக எண்ணித் தைத்தவங்க கூலி அதில் போய்விடும். புவிசார் குறியீடு வந்ததே இதைத் தடுக்கத்தான்.

மூன்று, கற்றுக்கொடுத்தவங்க பேரைச் சொல்லாமல் இருப்பது. பஸ் ஸ்டாண்டில் பாசிமணி கோர்க்கிற அக்காவிடம் ரெட்டை ஊசி வைத்துக் கோர்ப்பது எப்படி என்று நான் நின்று பார்த்துக் கற்றுக்கொண்டேன். எல்லோரிடமும் "நானே கண்டுபிடிச்சேன்" என்று சொல்லிக்கொண்டு திரிந்தேன். அந்த அக்காவிடம் ஒரு மாலைகூட வாங்கினதில்லை. விலை கேட்டு, பேரம் பேசி, வாங்காமல் வந்திருக்கிறேன். காப்பி அடிச்சிட்ட என்று அடுத்தவளைச் சொல்வதற்கு முன்னாடி நான் இதை யோசித்திருக்கணும்.

சரி, நம்ம கை எப்படித் தனியாகத் தெரியும்? கண்காட்சியில் பதினோரு பேர் காகித ஜிமிக்கி வைத்திருந்தோம். நானும் வளையலோடு ஒரு ஜோடி வைத்திருந்தேன். பதினொன்றும் ஒரே வீடியோ. ஒரே பச்சை, ஒரே மஞ்சள். தையல் டீச்சர் எது யாருடையது என்று தெரியாமல் மாற்றி மாற்றிக் கொடுத்துவிட்டாங்க. நமக்கே நம்மது எது என்று தெரியவில்லை. அது எனக்கு என்னவோ மாதிரி இருந்தது. முதல் தடவை அப்படியே செய்வது சரி, கை பழகணும். இரண்டாவது தடவை ஒன்றையாவது மாற்றணும். கலரை மாற்றலாம். நம்ம வீட்டில் கிடைக்கிற பொருளைச் சேர்க்கலாம். அம்மா புடவை ஓரம், அறுந்த மாலை, பனை ஓலை, மானாமதுரை மண், எதுவானாலும் சரி. விலை கொடுத்து வாங்கிய கல்லைவிட அதில்தான் நம்ம அடையாளம் இருக்கும். கோணலாக வந்தால் வரட்டும்.

பவுன் விலை 2025 அக்டோபரில் 90,000 ரூபாயைத் தாண்டியது. எங்க வீட்டில் கல்யாணம் காட்சி வந்தால் அம்மா எனக்காகப் பக்கத்து வீட்டில் தோடு இரவல் கேட்பாங்க. திருப்பிக் கொடுக்கிற வரை அம்மாவுக்குத் தூக்கம் வராது. இனிமேல் நான் செய்ததைப் போட்டுக்கொண்டு போகலாம் என்று இருக்கிறேன். சொந்தக்காரங்க என்ன சொல்வாங்க என்று அம்மா பயப்படுறாங்க. சொல்லட்டும். இரவல் தங்கத்தைவிட என் சொந்த மண் ஜிமிக்கி மேல்.

கடைசியாக ஒன்று. தையல் டீச்சர் சொன்னதால் கண்காட்சி அன்று அவளும் வளையலை மேஜையில் வைத்தாள். என் வளையல் பக்கத்திலேயே இருந்தது. அவள் இல்லாத நேரம் பார்த்து நான் குனிந்து பார்த்தேன். நான் நூலை வலமாகச் சுற்றி இருந்தேன். அவள் இடமாகச் சுற்றி இருந்தாள், அவள் இடது கைப் பழக்கம். அவள் சுற்று என்னுதைவிட நெருக்கம். நான் முத்து என்று நினைத்தது முத்து இல்லை. சட்டைப் பட்டன். நாலு ஓட்டையிலும் அரக்கு நூல் கோர்த்து, பூ மாதிரி தைத்திருந்தாள். அது அவங்க அப்பாவின் பழைய சட்டையில் இருந்து எடுத்த பட்டன் என்று அப்புறம் இன்னொரு பிள்ளை சொன்னாள்.

தூரத்தில் இருந்து பார்த்தால் என்னுது மாதிரி. கிட்டே போய்ப் பார்த்தால் முழுக்க அவளுது. நான் கிட்டே போய்ப் பார்க்காமலேயே கத்திவிட்டேன்.

ஆசிரியர்களுக்கு ஒரு வேண்டுகோள். அடுத்த கண்காட்சியில் ஒவ்வொரு பொருள் பக்கத்திலும் ஒரு சீட்டு வைக்கச் சொல்லுங்கள். அதில் இரண்டு வரி போதும். "யாரிடம் கற்றேன். நான் எதை மாற்றினேன்." அப்படி வைத்தால் காப்பி அடித்த சண்டை வராது. கற்றுக்கொடுத்தவங்களுக்கும் மரியாதை.

முதல் சீட்டு நானே எழுதுகிறேன். பட்டு நூல் வளையல்: யூடியூபில் கற்றேன், முத்து நான் சேர்த்தது. பாசிமணி: பஸ் ஸ்டாண்ட் அக்காவிடம் கற்றேன். பட்டனில் பூ தைப்பது: இன்னும் தெரியாது. சொல்லிக் கொடுக்க ஒருத்தி இருக்கிறாள். சாரி சொன்னால் சொல்லிக் கொடுப்பாளா என்று தெரியவில்லை. சாரி.

இதற்கு யாருக்காவது மறுகருத்து இருந்தால் எழுத, தாளின் அடியில் நாலு விரல் அளவு இடம் விட்டிருக்கிறேன். பென்சில் நூலில் கட்டித் தொங்குது. எடுத்துக்கொண்டு போய்விடாதீங்க.

இப்படிக்கு,
9-ஆம் வகுப்பு மாணவி