பக்தி என்ற ஒரு சொல்லுக்குள் அம்மாவை அடைக்காதீர்கள்

அன்பு மாணவர்களே, சொந்தங்களே, பதிவு கொஞ்சம் நீளம்தான். வகுப்பில் நாற்பது நிமிடம் உட்கார்ந்தவர்கள் நீங்கள். இதற்கு ஐந்து நிமிடம் உட்காருங்கள்.

அடுத்த மாதம் எங்கள் அம்மாவின் முதலாம் ஆண்டு நினைவு. திருப்பலிக்குச் சொல்லியாயிற்று. நினைவு அட்டைக்கு வாசகம் எழுதிக் குடும்ப வாட்ஸ்அப் குழுவில் போட்டிருந்தார்கள்: “பக்தியும் பொறுமையும் அமைதியும் நிறைந்த எங்கள் அன்புத் தாய்.” இந்த வாசகம் எனக்குச் சம்மதமில்லை என்று குழுவில் சொல்லிவிட்டேன். இங்கேயும் சொல்கிறேன், ஏனென்றால் இது எங்கள் வீட்டு விவகாரம் மட்டுமில்லை. தஞ்சாவூரிலிருந்து வேளாங்கண்ணி வரைக்கும் எந்தக் கத்தோலிக்க வீட்டில் மாலை போட்ட படத்தைப் பார்த்தாலும் கீழே இதே மூன்று சொற்கள்தான். பெயரை மட்டும் மாற்றினால் எந்த அம்மாவுக்கும், எந்த அப்பாயிக்கும், எந்த அம்மாச்சிக்கும் பொருந்திவிடும். எல்லோருக்கும் பொருந்துகிற வாசகம் யாரைப் பற்றியது?

பக்தியை நான் குறை சொல்லவில்லை. அம்மா கடைசிவரை செபமாலையை விட்டதில்லை. முழங்கால் வலியோடு பூண்டி மாதா கோவிலுக்கு நடந்து போனவர். ஆனால் செபம் முடித்து எழுந்த பிறகு அவர் என்ன செய்தார் என்பதுதான் என் கேள்வி. அதைத்தான் நாம் எங்கேயும் எழுதுவதில்லை.

ஒரு கணக்குப் போடுவோம். பிடி அரிசி தெரியுமா? உலை வைக்கும்போது ஒரு பிடி அரிசியை எடுத்துத் தனிக் கலயத்தில் போடுவது. மாதக் கடைசியில் எல்லா வீட்டு அரிசியையும் சேர்த்து, இல்லாதவர் வீட்டுக்குக் கொடுப்பது. எங்கள் பங்கில் இதை 22 வருடம் நடத்தியவர் அம்மா. ஒரு பிடி ஏறக்குறைய 40 கிராம். நாளுக்கு இரண்டு வேளை, 80 கிராம். மாதம் 2.4 கிலோ. 50 வீடு என்றால் 120 கிலோ. வருடத்துக்கு 1,440 கிலோ. 22 வருடத்துக்கு 31,680 கிலோ. எல்லா வீட்டிலும் எல்லா நாளும் போட்டிருக்க மாட்டார்கள். பாதி என்றே வையுங்கள். 15 டன்னுக்கு மேல் வருகிறது.

அந்த அரிசியில் பெரும்பகுதி கூலிக்கு நடவு நட்ட பெண்களின் வீட்டிலிருந்து வந்தது. அதைத் திரட்டி, புழு வராமல் காயவைத்து, நோட்டுப் போட்டுக் கணக்கு எழுதி, யார் வீட்டில் அடுப்பு எரியவில்லை என்று விசாரித்து, வாங்குகிறவருக்கு வெட்கம் வராதபடி இருட்டிய பிறகு கொண்டுபோய்க் கொடுத்தார்கள். இதையே ஓர் ஆண் செய்திருந்தால் பொருளாளர் என்று பெயர் வைத்து, கோவில் திருவிழாவில் சால்வை போர்த்தியிருப்போம். அம்மா செய்ததால் பக்தி என்று சொல்லி முடித்துவிட்டோம்.

இன்னொன்று. ஞாயிறுதோறும் பிள்ளைகளுக்கு ஞானோபதேசம் சொல்லிக் கொடுத்து, புதுநன்மைக்குத் தயார் செய்தவர்கள் பெரும்பாலும் அம்மாக்கள்தான். நான் ஆசிரியப் பயிற்சி முடித்து வந்த பிறகு அம்மா பாடம் நடத்துவதைக் கவனித்திருக்கிறேன். தெரிந்ததிலிருந்து தெரியாததற்குப் போவது என்று எங்களுக்குப் பயிற்சிப் பள்ளியில் சொல்லிக் கொடுத்ததை, அவர் யாரிடமும் படிக்காமலே செய்தார். ஆனால் உபதேசியார் என்ற பெயர் ஆண்களுக்குத்தான். அம்மாவுக்கு எந்தப் பெயரும் கிடையாது.

1977 நவம்பர் புயலில் கூரை போன வீடுகளுக்குக் கஞ்சி காய்ச்சியது இந்தப் பெண்கள்தான். 2004 டிசம்பர் 26 சுனாமி நாகை மாவட்டத்தில் மட்டும் 6,000 பேருக்கு மேல் பலி வாங்கியது. வேளாங்கண்ணியில் திருயாத்திரை வந்தவர்களும் போனார்கள். அன்று இரவே எங்கள் ஊரிலிருந்து சோற்றுப் பொட்டலம் கிளம்பியது. லாரிக்கு முன்னால் எடுத்த படம் இன்றும் இருக்கிறது. அதில் எட்டு ஆண்கள் நிற்கிறார்கள். சோறு வடித்தவர்கள் ஒருவரும் அதில் இல்லை.

நம் அடக்கப் பூசைகளில் பெண்களுக்கென்று அடிக்கடி வாசிக்கும் பகுதி ஒன்று உண்டு: நீதிமொழிகள் 31-ஆம் அதிகாரம். அட்டையில் போடுவதற்கு அதிலிருந்து இறையச்சம் பற்றிய ஒரு வரியை மட்டும் எடுத்துக்கொள்வார்கள். முழு அதிகாரத்தையும் வாசியுங்கள். அந்தப் பெண் நிலத்தைப் பார்த்து விலைபேசி வாங்குகிறாள். துணி நெய்து வியாபாரிக்கு விற்கிறாள். ஏழைக்குக் கை நீட்டுகிறாள். கடைசியில், அவள் செய்த வேலைகளை வைத்து ஊர்வாசலில் அவளைப் புகழ வேண்டும் என்று முடிகிறது. செய்த வேலையைச் சொல்லிப் புகழுங்கள் என்று விவிலியமே சொல்கிறது. நாமோ வேலையை விட்டுவிட்டுக் குணத்தை மட்டும் அச்சடிக்கிறோம்.

இந்த மறதி நம் வீடுகளோடு நிற்கவில்லை. மந்திரியாக இருந்த பெண்ணையே மறந்தவர்கள் நாம். காமராஜர் அமைச்சரவையில் இருந்தவர்கள் பெயரைச் சொல்லுங்கள் என்று கேட்டால் கக்கன், பக்தவத்சலம், சி. சுப்பிரமணியம், ஆர். வெங்கட்ராமன் என்று வரிசையாகச் சொல்வீர்கள். 1957 முதல் 1962 வரை அந்த அமைச்சரவையில் இருந்த ஒரே பெண் யார்? லூர்தம்மாள் சைமன். குளச்சல் தொகுதியில் வென்றவர். கடற்கரைச் சமூகத்திலிருந்து வந்த, குடும்பம் நடத்திய கத்தோலிக்கப் பெண். உள்ளாட்சியும் மீன்வளமும் அவர் பொறுப்பில் இருந்தன. 1958 ஊராட்சிச் சட்டம் வந்தது அந்தக் காலத்தில்தான். உங்களில் எத்தனை பேருக்கு இந்தப் பெயர் தெரியும்?

அவர் வகித்த அதே உள்ளாட்சியில் இன்று தமிழ்நாட்டில் பெண்களுக்கு 50 விழுக்காடு ஒதுக்கீடு இருக்கிறது. நம் பங்குகளில் என்ன நிலை? ஒவ்வொரு பங்கிலும் நிதிக்குழு இருக்க வேண்டும் என்கிறது திருச்சபைச் சட்டம், எண் 537. அதில் ஆண்கள் மட்டும்தான் இருக்க வேண்டும் என்று ஒரு சொல்கூட இல்லை. வாசகர், பீடத்துணையாளர் பணிகளில் பெண்களையும் முறைப்படி அமர்த்தலாம் என்று 2021 ஜனவரியில் திருத்தந்தை பிரான்சிஸ் சட்டத்தையே திருத்தினார். அதே ஆண்டு மே மாதம் வேதியர் பணியையும் ஆண் பெண் இருபாலருக்கும் உரிய திருப்பணியாக ஏற்படுத்தினார். ரோமாபுரி திறந்துவிட்ட கதவை ஊரில் யார் சாத்தி வைத்திருக்கிறார்கள்? அன்பியக் கூட்டத்துக்குப் பாய் விரிக்கவும், அசனத்துக்கு வெங்காயம் உரிக்கவும் பெண்கள் வேண்டும். வரவு செலவு பார்க்க மட்டும் வேண்டாமா?

இப்போது எல்லோருக்கும் கசக்கிற விஷயத்துக்கு வருகிறேன். சொத்து.

நம் பக்கத்தில் இது வழக்கமாகவே ஆகிவிட்டது. அம்மாவின் முப்பதாம் நாள் மந்திரிப்பு முடியும். பிரியாணி சாப்பிட்ட இலை காய்வதற்குள் அக்கா தங்கச்சிகளைப் பத்திரப் பதிவு அலுவலகத்துக்குக் கூட்டிப் போவார்கள். விடுதலைப் பத்திரத்தில் கையெழுத்து வாங்குவார்கள். “அம்மா ஆத்துமா சாந்தியாகணும், சண்டை வேண்டாம்” என்பார்கள்.

கேளுங்கள் பிள்ளைகளே. உயில் எழுதாமல் இறந்த கிறிஸ்தவரின் சொத்துக்கு 1925-ஆம் ஆண்டு இந்திய வாரிசுரிமைச் சட்டம் பொருந்தும். அதன்படி பிள்ளைகளுக்குச் சமபங்கு; மகன் மகள் என்ற பேதம் அதில் இல்லை. பூர்வீகச் சொத்தில் இந்துப் பெண்களுக்குச் சமவுரிமை தமிழ்நாட்டில் 1989-இல்தான் வந்தது. அதற்கு வெகுகாலம் முன்பே நம் பெண்களுக்குக் காகிதத்தில் உரிமை இருந்தது. கேரளத்தில் பழைய திருவிதாங்கூர்ச் சட்டத்தைக் காட்டி மறுத்தபோது மேரி ராய் உச்ச நீதிமன்றம் வரை போய் 1986-இல் வென்றார். நமக்கு அந்தச் சிரமம்கூட இல்லை. இருக்கிற உரிமையை அழுதுகொண்டே எழுதிக் கொடுத்துவிடுகிறோம்.

“கல்யாணத்துக்கு நகை போட்டாச்சு, சீர் செஞ்சாச்சு” என்பார்கள். அதற்கும் சட்டம் பதில் வைத்திருக்கிறது. பெற்றோர் உயிரோடு இருந்தபோது பிள்ளைக்குக் கொடுத்ததை அந்தப் பிள்ளையின் பங்கில் கழிக்கக் கூடாது என்கிறது அதே சட்டத்தின் 49-ஆம் பிரிவு.

எங்கள் அம்மா பால் விற்ற காசைச் சேர்த்து ஒன்றரை மா நிலம் வாங்கினார். விலை பேசியதும் அவர்தான், வரப்புத் தகராறை முடித்ததும் அவர்தான். பக்தி, பொறுமை, அமைதி என்று மட்டும் நினைவு வைத்துக்கொண்டால் இந்த நிலம் அவர் சம்பாத்தியம் என்பதே மறைந்துபோகும். பிறகு அது தானாகவே ஆண்பிள்ளைச் சொத்து ஆகிவிடும். வெறும் வாசகத்துக்கு இவ்வளவு கோபமா என்று கேட்கிற சொந்தங்களுக்கு என் பதில் இதுதான். அட்டையில் அம்மா என்னவாக இருக்கிறாரோ, அதுதான் பத்திரத்திலும் வந்து நிற்கிறது.

“இறந்தவரை வைத்துச் சண்டை போடாதே, அம்மா இருந்திருந்தால் விட்டுக் கொடுத்திருப்பார்” என்று ஒரு பெரியவர் சொன்னார். அம்மாவைத் தெரிந்தவர்களுக்குத் தெரியும். பிடி அரிசிக் கணக்கில் ஒரு படி குறைந்தாலும் அவர் விட்டதில்லை. அது தன் அரிசி இல்லை, ஏழையின் அரிசி என்பார். நியாயமான பங்கைக் கேட்பது பாவம் என்று அவர் எனக்குச் சொல்லித் தந்ததே இல்லை.

அதனால் மூன்று வீட்டுப்பாடம் தருகிறேன்.

ஒன்று: உங்கள் அம்மாவோ அம்மாச்சியோ அப்பாயியோ உயிரோடு இருந்தால், இந்த வாரமே பக்கத்தில் உட்கார்ந்து, ஊருக்கும் கோவிலுக்கும் என்னென்ன செய்தார்கள் என்று கேட்டு எழுதுங்கள். வருடம், எண்ணிக்கை, பெயர் எல்லாம் வேண்டும். இல்லாதவர்கள் பக்கத்து வீட்டுப் பெரியவர்களிடம் கேளுங்கள்.

இரண்டு: பங்குப் பேரவைக்கும் நிதிக்குழுவுக்கும் அடுத்த முறை ஆள் சேர்க்கும்போது, மகளிர் குழுவில் வருடக்கணக்கில் பணம் கையாண்டு பழகிய பெண்களின் பெயரைச் சொல்லுங்கள். சாமியாரிடம் நேரில் போய்ச் சொல்லுங்கள்.

மூன்று: தங்கைகளே, துக்க வீட்டில் நீட்டுகிற எந்தக் காகிதத்திலும் கையெழுத்துப் போடாதீர்கள். வீட்டுக்கு எடுத்துப் போங்கள், படியுங்கள், தெரிந்த வக்கீலிடம் காட்டுங்கள். விரும்பிக் கொடுப்பது உங்கள் இஷ்டம். தம்பிகளே, அவர்கள் கேட்கும்வரை காத்திருக்காதீர்கள்.

நான் கையெழுத்துப் போடவில்லை. அதைச் சொல்லிவிட்டுத்தான் மற்றவர்களுக்குச் சொல்ல வேண்டும் என்பதால் சொல்கிறேன். என் பங்கைப் பெற்று, அதன் குத்தகை நெல்லை என்ன செய்வது என்று பிடி அரிசிக் குழுவில் மிச்சமிருக்கும் இரண்டு பாட்டிகளோடு பேசிக்கொண்டிருக்கிறேன்.

மறுப்பு இருந்தால் கீழே எழுதுங்கள். கோபமாக எழுதினாலும் பரவாயில்லை. ஒற்றுப்பிழை இல்லாமல் எழுதுங்கள்.

அன்புடன்,
உங்கள் டீச்சர்