பிள்ளை தட்டும் கதவு யாருடையது?



சாதாரண தரப் பெறுபேறு வெளியாகும் நாளில் நம் வீடுகள் படும் பாட்டை நீங்கள் அறிவீர்கள். பிள்ளை கையடக்கத் தொலைபேசியுடன் ஒரு மூலைக்குப் போய்விடும். உம்மா அடுப்படியில் நின்றபடியே, "என்ன மகள், வந்துட்டா?" என்று கேட்டுக்கொண்டிருப்பார். பரீட்சைத் திணைக்களத்தின் இணையத்தளமோ இலேசில் திறக்காது. இலட்சக்கணக்கானோர் ஒரே வேளையில் ஒரே கதவைத் தட்டினால் அப்படித்தான். அந்த நேரம் பார்த்து வட்ஸ்அப்பில் ஒரு செய்தி வந்து விழும்: பெறுபேற்றை உடனே பார்க்க இங்கே அழுத்துங்கள். அழுத்தலாமா, கூடாதா?

இதற்கு விடை சொல்லத் தெரிந்த ஒருவர் வீட்டில் இருக்க வேண்டும். அது தாயாக இருப்பதே நல்லது என்பது எனது அபிப்பிராயம். ஆங்கிலம் தெரியாதே என்று பின்வாங்க வேண்டாம். அதன் இருபத்தாறு எழுத்துக்களையும் அடையாளம் காண முடிந்தால் போதுமானது.

இணையம் என்பது உலகெங்குமுள்ள கணினிகள் ஒன்றோடொன்று பேசிக்கொள்வதற்கான பாதை. அது ஆகாயத்தில் மிதப்பதாகப் பலர் எண்ணுகின்றனர். தொலைபேசியிலிருந்து கோபுரம் வரைதான் காற்றுவழி. அதற்கப்பால் பெரும்பாலும் கம்பிவழியே. நாடு விட்டு நாடு செல்வது கடலடிக் கம்பிகளூடாக. அத்தகைய கம்பியொன்று நமது மாத்தறையில் கரையேறுகிறது. இந்தப் பாதையில் மின்னஞ்சலும் போகிறது, வட்ஸ்அப்பும் போகிறது. 1989இல் டிம் பேர்னர்ஸ்-லீ என்ற ஆங்கிலேயர் முன்மொழிந்த 'வலை' என்ற இணையத்தளங்களின் தொகுதியும் அதிலேதான் போகிறது. கூகுள் இந்தப் பாதையின் சொந்தக்காரர் அல்ல. தேடித்தரும் ஒரு நிறுவனம். "கூகுளில் இருந்தது" என்று பிள்ளை சொன்னால், "தெருவில் ஒருவர் சொன்னார்" என்பதற்கும் அதற்கும் பெரிய வித்தியாசமில்லை. எந்த வீட்டில் இருந்தது என்று கேளுங்கள்.

வீட்டை அறிய முகவரியை வாசிக்க வேண்டும். தொலைபேசித் திரையின் மேலோ கீழோ ஒரு நீண்ட பெட்டிக்குள் அது இருக்கும். தொடக்கத்தில் எச்.டி.டி.பி.எஸ். என்ற எழுத்துக்களும் இரட்டைச் சாய்கோடும் தெரிந்தால் அவற்றை விட்டுவிடுங்கள். அதன் பின் வரும் முதலாவது ஒற்றைச் சாய்கோட்டில் விரலை வையுங்கள். சாய்கோடே இல்லையென்றால் முகவரியின் முடிவில் வையுங்கள். அங்கிருந்து, அறபு வாசிப்பதுபோல வலமிருந்து இடமாக, புள்ளிக்குப் புள்ளி வாசித்துச் செல்லுங்கள். நமக்கு அது பழகிய திசைதானே!

கல்வி அமைச்சின் பாடத்தளமான ஈ-தக்சலாவையை எடுத்துக்கொள்வோம். வலக்கோடியில் 'எல்கே', அதாவது இலங்கை. அடுத்தது 'கவ்', அரசாங்கம். அதற்கடுத்த 'எம்ஓஈ' கல்வி அமைச்சைக் குறிக்கும். கடைசியாகத்தான் ஈ-தக்சலாவ. நாடு, அரசு, அமைச்சு, அறை என்று படிப்படியாக உள்ளே போகிறோம். 'கவ் எல்கே' என்ற முடிவு அரச நிறுவனங்களுக்கு மட்டுமே உரியது. ஆனால் பரீட்சைத் திணைக்களத்தின் பழைய முகவரியில் 'கவ்' இல்லை. 'டொனெட்ஸ்' புள்ளி 'எல்கே' என்றே அது முடியும். இதை மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள்.

இப்போது மோசடிக்காரனின் வேலையைப் பாருங்கள். 'டொனெட்ஸ்' புள்ளி 'எல்கே' என்று அச்சொட்டாக எழுதி, நிறுத்தாமல், இன்னொரு புள்ளி வைத்து வேறொரு பெயரையும் 'கொம்' என்பதையும் சேர்த்துவிடுவான். இடமிருந்து வாசிப்பவர் முதலிரு சொற்களைக் கண்டதும் திருப்தியடைவார். வலமிருந்து வாசிப்பவருக்கோ வீட்டுக்காரன் வேறொருவன் என்பது உடனே தெரிந்துவிடும். புள்ளி இருக்க வேண்டிய இடத்தில் சிறு கோடு போடுவதும் இதே தந்திரந்தான். முகவரிக்குப் பக்கத்தில் பூட்டுப் படம் இருந்தால் நம்பலாம் என்று சில ஆசிரியர்கள்கூடச் சொல்லிக் கொடுக்கிறார்கள். நீங்களும் அந்தத் தளமும் பேசுவதை நடுவில் எவரும் ஒட்டுக்கேட்க முடியாது என்பதுதான் அந்தப் பூட்டின் பொருள். அந்தத் தளத்தில் இருப்பவர் நல்லவரா என்று அது சொல்வதில்லை. கள்ளனும் தன் கதவுக்குப் பூட்டுப் போடலாம்.

2010 முதல் 'இலங்கை' என்று தமிழ் எழுத்திலேயே முடியும் முகவரிகளுக்கும் வழி பிறந்தது. அவற்றை நாம் அதிகம் காணாதிருப்பது வருத்தத்துக்குரியது.

சரியான கதவுகள் தெரிந்தால் செலவும் குறையும். கல்வி வெளியீட்டுத் திணைக்களத்தின் தளத்தில் பாடசாலைப் பாடநூல்கள் தமிழிலும் இருக்கின்றன, காசில்லாமல் இறக்கிக்கொள்ளலாம். தேசிய கல்வி நிறுவகத்தின் தளத்தில் பாடத்திட்டங்களும் ஆசிரியர் வழிகாட்டிகளும் உள்ளன. ஆசிரியருக்கு உரியது நமக்கு எதற்கு என்று எண்ணாதீர்கள். இந்தத் தவணையில் பிள்ளை எதைப் படித்து முடித்திருக்க வேண்டுமென்பது அதிலேதான் இருக்கிறது. வகுப்பு வட்ஸ்அப் குழுவில் வரும் பெயர் தெரியாத வினாத்தாள்களைப் பணம் கொடுத்துப் பிரதியெடுக்கும் முன் இவற்றைப் பாருங்கள்.

பரீட்சைச் சுட்டெண்ணைக் குடும்பக் குழுவில் போடாதீர்கள். அந்த இலக்கம் கிடைத்தவர் எவரும் உங்கள் பிள்ளையின் பெறுபேற்றை உங்களுக்கு முன்னரே பார்த்துவிடலாம். சாச்சாமாரும் மாமிமாரும் அன்பினால்தான் கேட்கிறார்கள், ஆனாலும் முதலில் அறியும் உரிமை பிள்ளைக்கல்லவா? தொலைபேசிக்கு ஆறு இலக்கக் குறியீடொன்று வந்து, "தவறுதலாக உங்களுக்கு வந்துவிட்டது, அனுப்பிவிடுங்கள்" என்று தெரிந்தவர் பெயரிலேயே செய்தி வந்தாலும் கொடுக்க வேண்டாம். அது உங்கள் வட்ஸ்அப் கணக்கின் திறவுகோல். அவ்வாறு ஏதும் நேர்ந்துவிட்டால், 2006இல் அமைக்கப்பட்ட இலங்கைக் கணினி அவசர நடவடிக்கைப் பிரிவை 101 என்ற இலக்கத்தில் அழைக்கலாம்.

இனி மின்னஞ்சல். உயர்தரம் முடித்த பிள்ளை பல்கலைக்கழக அனுமதிக்கு இணையத்தின் மூலமே விண்ணப்பிக்கிறது. அதற்கு மின்னஞ்சல் முகவரி தேவை. கடைசி நாளில் பக்கத்துக் கொமியூனிகேஷனுக்கு ஓடி, கடைக்காரத் தம்பி தன் இலக்கத்தைக் கொடுத்துத் திறந்து தரும் கணக்கு பிள்ளையின் கணக்காகாது. கடவுச்சொல் மறந்தால் மீட்புக் குறியீடு அந்தத் தம்பிக்கே போகும். கடை மூடினால் எல்லாம் போயிற்று. 13 வயது நிரம்பிய பிள்ளைக்கு ஆறுதலான ஒரு விடுமுறை நாளில் வீட்டிலேயே கணக்கைத் திறந்து கொடுங்கள். பிறந்த திகதியை உண்மையாகவே எழுதச் சொல்லுங்கள். மீட்பு இலக்கமாக, ரீலோட் போடாமல் கைவிடப்படக்கூடிய சிம்மை அல்லாமல், வீட்டில் நிலையாக இருக்கும் ஒன்றைக் கொடுங்கள். கடவுச்சொல்லைக் கொப்பி ஒன்றில் எழுதி, பிறப்புச் சான்றிதழ் வைக்கும் அலுமாரியிலேயே வையுங்கள்.